காணாமற்போகாத அறுநூற்று ஐம்பத்தேழு நாற்காலிகள்

அத்தை, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்குக் காட்டாதீர்கள், தலைமை ஆசிரியைக்குக் காட்டாதீர்கள், கோப்பில் வைக்காதீர்கள், மூலையில் வரிசை எண் போடாதீர்கள். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். எந்தக் காகிதத்தையும் அழிக்க உங்களுக்கு மனசு வராது என்று தெரியும். இந்த ஒன்றுக்கு மட்டும் வர வேண்டும்.

அனுப்புநர்:
தங்கள் தம்பி மகள்,
ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு,
மாடி, பெயிண்ட் டப்பா அறை.

பெறுநர்:
பள்ளி அலுவலகக் கண்காணிப்பாளர் அவர்கள் (அத்தை),
கீழ் வீடு.

பொருள்: 657 நாற்காலிகள் காணாமல் போகவே இல்லை என்பது – தொடர்பாக.

பார்வை: தங்கள் வாய்மொழி உத்தரவு, "எதுவா இருந்தாலும் எழுதிக் குடு", நேற்று மாலை, மாடிப்படி, கீழிருந்து மூன்றாவது படி.

பெருமதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அத்தை அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தாங்கள் நலம் என்பதை, காலையில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்க வந்தவரைத் தாங்கள் திட்டிய குரலிலிருந்து அறிந்து மகிழ்ந்தேன். அப்பா இடுப்பைத் தவிர மற்ற இடங்களில் நலம். அம்மா ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்குப் போயிருக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்ன கடிதம் என்று கேட்பீர்கள். உங்களிடம் பேசித்தான் பார்த்தேன். மாடிக் கூரை ஒழுகுகிறது என்று அப்பா சொன்னபோதும் "எழுதிக் குடு" என்றீர்கள், ஒரு டம்ளர் சர்க்கரை வேண்டும் என்று அம்மா வந்தபோதும் "எழுதிக் குடு" என்றீர்கள், அம்மாவும் எழுதிக் கொடுத்தார், அது இன்னும் உங்கள் சமையலறை ஆணியில் குத்தி இருக்கிறது. வாயால் சொன்னதை நீங்கள் பாதியிலேயே வெட்டிவிடுவீர்கள். எழுத்தில் வந்ததைக் கடைசிப் புள்ளி வரை படிப்பீர்கள். அதை நம்பித்தான் எழுதுகிறேன். என் அறை வெளிச்சம் உங்கள் வாசலில் விழுமே என்று ஜன்னலில் அப்பாவின் பெயிண்ட் துடைக்கும் துணியைப் போட்டு மூடியிருக்கிறேன். அந்த நாற்றத்தில் தலை சுற்றுகிறது, அதனால் எங்கேயாவது வாக்கியம் கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

நாளை காலை பத்து மணிக்கு நீங்கள் சாவி அண்ணனிடம் ஒரு உத்தரவைக் கொடுக்கப்போகிறீர்கள். எங்கள் பள்ளிக் காவலாளியை நாங்கள் எல்லோரும் சாவி அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம் என்பது உங்களுக்குத் தெரியும், நீங்கள் மட்டும்தான் அவரைக் 'காவலர், இரண்டாம் நிலை' என்று கூப்பிடுகிறீர்கள். அறுநூற்று ஐம்பத்தேழு நாற்காலிகளைக் காணாமல் போகவிட்டதற்காக அவரை வேலையிலிருந்து நிறுத்துவதாக அந்த உத்தரவில் இருக்கிறது. நீங்கள் அதைத் தட்டச்சு செய்யும்போது மேலே எனக்குக் கேட்டது. 'நிறுத்தி வைக்கப்படுகிறார்' என்ற இடத்தில் கொஞ்சம் பலமாகவே தட்டினீர்கள். அத்தை, அந்த நாற்காலிகளை அவர் திருடவில்லை. யாருமே திருடவில்லை. அவை திருடுவதற்கு ஏற்றபடி இந்த உலகத்தில் இருந்ததே இல்லை. அவற்றை உண்டாக்கியது நான், ஒரு டப்பா கறுப்புப் பெயிண்டும் ஏழு தகடுகளும் வைத்துக்கொண்டு.

முதலிலிருந்து சொல்கிறேன். மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் உணவுக்கூடத்திலிருந்து மூன்று லாரிகளில் நாற்காலிகள் இனாமாக வந்து இறங்கின அல்லவா, ரசீதும் இல்லாமல் எண்ணிக்கையும் இல்லாமல். "நம்பர் போட்டா எண்ணிக்கை தானா தெரிஞ்சுடும்" என்று சொல்லி அந்த வேலையை அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தது நீங்கள்தான். திங்கட்கிழமைக்குள் முடிய வேண்டும் என்றீர்கள். சனிக்கிழமை காலை அப்பாவும் நானும் பள்ளி மண்டபத்துக்குப் போனோம். அப்பா எண் வெட்டிய தகரத் தகட்டை நாற்காலி முதுகில் வைத்து, பிரஷ்ஷால் ஒற்றி, ஒன்று போட்டார், இரண்டு போட்டார், மிக அழகாக ஆறு வரை போட்டார். ஆறாவது நாற்காலியிலிருந்து நிமிரும்போது 'கடக்' என்று ஒரு சத்தம் வந்தது. நாற்காலி உடைந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அப்பாவின் இடுப்பு. அப்படியே தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். வீட்டுக்குப் போகலாம் என்றால், "அக்கா மானம் போயிடும், நான் இங்கேயே படுத்துக்கிட்டு மேற்பார்வை பார்க்கறேன், நீ போடு" என்றார். இரண்டு நாளும் மண்டபத்துக் கூரையைப் பார்த்தபடியே மேற்பார்வை பார்த்தார். கூரையில் எத்தனை ஒட்டடை என்று கேட்டால் இன்றும் சரியாகச் சொல்வார்.

நான் ஏழாவது நாற்காலியின் முன் உட்கார்ந்து தகட்டுப் பெட்டியைத் திறந்தேன். ஏழு இல்லை. எட்டும் இல்லை, ஒன்பதும் இல்லை. பஸ்ஸுக்கு நம்பர் எழுதும் பெயிண்டர் ஒருவர் போன மாதம் அந்த மூன்றையும் வாங்கிப்போனவர் திருப்பித் தரவே இல்லை.

"அப்பா, ஏழு இல்லை."

"என்னது இல்லை?"

"ஏழு, எட்டு, ஒன்பது. தகடு இல்லை."

"இருக்கறதை வெச்சுப் போடு."

"எப்படிப்பா?"

"எப்படின்னா? கையில இருக்கறதை வெச்சு முடிக்கறவன்தான் பெயிண்டர். பேசாமப் போடு, பேசினா இங்க இழுக்குது."

கையாலேயே எழுதிவிடலாம் என்று ஒரு பழைய அட்டையில் எட்டு எழுதிப் பார்த்தேன். ஒரு முட்டை மேல் இன்னொரு முட்டை வழுக்கி விழப்போவதுபோல் இருந்தது. ஆறைத் தலைகீழாக்கி ஒன்பது செய்து பார்த்தேன். அப்பாவின் ஆறுக்கு வால் சாய்ந்திருக்கும், திருப்பினால் அது யாரிடமோ உதை வாங்கிய மாதிரி இருக்கிறது. அப்படியே செய்தாலும் ஏழுக்கும் எட்டுக்கும் எங்கே போவது? பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பூஜ்யம் முதல் ஆறு வரை மொத்தம் ஏழு தகடுகள். அப்போதுதான், எங்கள் கணக்கு டீச்சர் நீண்ட விடுப்பில் போகும் முன் கடைசி வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பு அது, எல்லோரும் தூங்கினார்கள், நான் மட்டும் தூங்கவில்லை. தூங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

டீச்சர் சொன்னது இதுதான், கோபப்படாமல் படியுங்கள். நமக்குப் பத்து விரல் இருப்பதால் பத்து சேர்ந்ததும் ஒரு கட்டாகக் கட்டுகிறோம். 23 என்றால் இரண்டு கட்டு, மூன்று உதிரி. ஆனால் பத்தில்தான் கட்ட வேண்டும் என்று எந்த உத்தரவும் இல்லை. ஏழு சேர்ந்ததுமே கட்டிவிட்டால் என்ன? அப்போது ஆறுக்கு அடுத்தது 10. அதாவது ஒரு கட்டு, உதிரி ஒன்றுமில்லை, மொத்தம் ஏழு. அடுத்தது 11, அது எட்டு. 12 ஒன்பது. 16 பதின்மூன்று. அதற்கடுத்தது 20. இதில் ஏழு, எட்டு, ஒன்பது என்ற எழுத்துகளே தேவையில்லை! ஏழு தகடுகளும் ஏழு தகடுகளுக்கென்றே செய்த ஒரு கணக்கும் என் மடியில் இருந்தன. கையில் இருப்பதை வைத்து முடிக்கச் சொன்னாரே, அப்படியே முடித்தேன். அப்பா சொன்னதை ஒரு எழுத்து விடாமல் நான் கேட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன் அத்தை, பிறகு சொல்ல இடம் கிடைக்காது. அந்த இரண்டு நாளும் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. இருபத்து மூன்றாவது நாற்காலிக்கு வந்தபோது அதன் முதுகில் 32 என்று விழுந்தது. 23 திரும்பி நிற்கிறது! நாற்பத்தாறாவது நாற்காலியில் 64. இரண்டு இலக்கத்தில் இப்படித் திரும்பி நிற்பவை இந்த இரண்டும்தான், அட்டை முழுக்கப் போட்டுப் பார்த்துவிட்டேன். இந்தக் கணக்கில் கடைசி இலக்கத்தைப் பார்த்து ஒற்றையா இரட்டையா என்று சொல்லிவிட முடியாது. எல்லா இலக்கத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும், கூட்டினால் வருவது இரட்டை என்றால்தான் எண்ணும் இரட்டை. 11 என்று போட்ட நாற்காலி எட்டாவது, ஒன்றும் ஒன்றும் இரண்டு, ஆகவே இரட்டை. பார்ப்பதற்கு ஒற்றை, உள்ளே இரட்டை. நான் ஒவ்வொரு நாற்காலிக்கும் மனசுக்குள் கூட்டிக்கொண்டே போனேன். ஞாயிறு சாயங்காலம் 666 போட்டேன். இன்னும் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. 666-க்கு அடுத்தது என்ன தெரியுமா? எல்லாக் கட்டும் ஒரே நேரத்தில் நிறைந்து, 1000. ஏழு, ஏழு, ஏழு என்று மூன்று ஏழுகளைப் பெருக்கினால் முந்நூற்று நாற்பத்து மூன்று. வந்த நாற்காலிகள் சரியாக முந்நூற்று நாற்பத்து மூன்று! ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்த 1000-த்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரமும் வரைந்தேன். அந்த நட்சத்திரத்துக்காகத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா தரையிலிருந்து கேட்டார், "எல்லாம் நேரா நிக்குதா?"

"நிக்குதுப்பா."

"பெயிண்ட் வழியலையே?"

"வழியலை."

"அப்போ சரி. என்னைத் தூக்கு."

திங்கட்கிழமை காலை அட்டையில் எல்லாவற்றையும் எழுதி ஒட்டிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன், 'இந்த எண்களை ஏழு ஏழாகப் படிக்கவும்' என்று. நான் பள்ளிக்கு வருவதற்குள் நீங்கள் மண்டபத்துக்குப் போய்விட்டீர்கள். நாற்காலிகளை எண்ணவில்லை. நேராகக் கடைசி நாற்காலிக்குப் போனீர்கள், நட்சத்திரத்தைப் பார்த்தீர்கள், பதிவேட்டில் 'நாற்காலி – 1000, சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். அதற்கு முந்தின நாற்காலியை ஒரே ஒரு பார்வை பார்த்திருந்தால் 666 இருந்திருக்கும், நானும் இப்போது தூங்கிக்கொண்டிருப்பேன். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை அத்தை. சும்மா, நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று நீங்கள்தான் சொல்வீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்தில் தலைமை ஆசிரியை "நம் பள்ளிக்கு ஆயிரம் நாற்காலிகள்!" என்று அறிவித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்தவள் தட்டும்போது நான் மட்டும் சும்மா நின்றால் சந்தேகம் வரும். மண்டபத்தில் இருப்பது ஆயிரம்போல் தெரியவில்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆசிரியர்கள் மீதி பின்கொட்டகையில் இருக்கும் என்று நினைத்தார்கள், கொட்டகைக்குப் போகிற ஆயா மீதி மண்டபத்தில் இருக்கும் என்று நினைத்தார். அன்று வீட்டில் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். "அப்பா, அந்த ஏழு தகடு இல்லாததால..." என்று ஆரம்பிப்பதற்குள், "ஆயிரம் நாற்காலியாமே! என் இடுப்பு ஏன் போச்சுன்னு இப்பத்தான் புரியுது!" என்றார். எவ்வளவு பெருமையாகச் சொன்னார் தெரியுமா? அவர் போட்டது ஆறு. நான் எழுந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை பரீட்சை. ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் சேர்ந்து முந்நூற்று நாற்பது பேர். ஆளுக்கொரு சீட்டு, 1 முதல் 340 வரை. பார்த்து எழுதாமலிருக்க, ஒற்றை எண் எல்லாம் ஒன்பதாம் வகுப்பு, இரட்டை எண் எல்லாம் பத்தாம் வகுப்பு. எனக்கு வந்த சீட்டு 64. நேராகப் போய் நாற்பத்தாறாவது நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்பு வரிசையில் ஒன்பதாம் வகுப்புப் பெண் எப்படி என்று கேட்காதீர்கள், அன்று சீட்டு மாற்றிக்கொண்டவர்கள் பலர், அது வேறு கடிதம். முதல் மணி அடித்ததும் ஒரு குரல் கேட்டது.

"மேடம், ஏழு இல்லை மேடம்."

"நல்லாத் தேடு. கண்ணு எங்க இருக்கு?"

"ஆறு இருக்கு மேடம். அதுக்குப் பக்கத்துல பத்து உட்கார்ந்திருக்கான்."

"எட்டும் இல்லை மேடம்!" "மேடம், பதினேழு?" "எழுபது வரிசையே இல்லை மேடம், யாரோ தூக்கிட்டாங்க!"

ஐந்து நிமிஷத்தில் நூற்று அறுபத்தைந்து பேர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்போல் மண்டபம் முழுக்க அலைந்தார்கள். பின்னால் நூற்று அறுபத்தெட்டு நாற்காலிகள் காலியாக இருந்தன, 341 முதல் 1000 வரை. அதில் போய் உட்காரலாமா என்று ஒரு பையன் கேட்டான். "உன் சீட்டுல என்ன நம்பர் இருக்கோ அதுலதான் உட்காரணும், பரீட்சைன்னா ஒரு முறை இருக்கு" என்றார் தலைமை ஆசிரியை. ஆக, நாற்காலி இருக்கிறது, ஆள் இருக்கிறது, உட்காரத்தான் வழியில்லை. ஆறும் பத்தும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்ததால் பத்தாம் வகுப்புக்காரர்கள் இரண்டிரண்டு பேராக ஒட்டி உட்கார்ந்து நிம்மதியாகப் பார்த்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். நான் கை தூக்கினேன். உண்மையாகவே தூக்கினேன் அத்தை. "மேடம், அந்த நம்பர் வந்து..." என்றேன். "பரீட்சை ஹாலில் பேச்சா? கையை இறக்கு" என்றார். இறக்கிவிட்டேன். அந்தக் கையை நான் இறக்கியிருக்கக் கூடாது.

பரீட்சை தள்ளிப்போனது. பதிவேடு வந்தது. ஆயிரத்தில் முந்நூற்று நாற்பத்து மூன்று போக மீதி எங்கே என்று கேள்வி வந்தது. நீங்கள் இரண்டு இரவு உட்கார்ந்து காணாமல் போன நாற்காலிகளின் பட்டியலை நாலு பக்கத்துக்குத் தட்டச்சு செய்தீர்கள். 7, 8, 9, 17, 18, 19, 27 என்று தொடங்கி, 67 முதல் 99 வரை ஒன்று விடாமல், கடைசியில் 700 முதல் 999 வரை மொத்தமாக. ஏழோ எட்டோ ஒன்பதோ உள்ள ஒவ்வொரு எண்ணும் அதில் இருக்கிறது, அவை இல்லாத ஒரு எண்கூட இல்லை. அப்படிப்பட்ட பட்டியலைப் பார்த்தால் யாருக்காவது ஏதாவது தோன்ற வேண்டாமா? விளையாட்டு ஆசிரியருக்குத் தோன்றியது. "இந்தத் திருடனுக்கு ராசி நம்பர் பார்க்கற வழக்கம் இருக்கு மேடம்" என்றாராம். நீங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "திருடினாலும் ஒரு ஒழுங்கா திருடியிருக்கான்டா" என்று சொன்னீர்கள். கொஞ்சம் மரியாதையோடுதான் சொன்னீர்கள்.

வாசல் சாவி வைத்திருப்பவர் சாவி அண்ணன். அதனால் அவரைக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். அந்த நேரம் நான் வருகைப் பதிவேட்டைக் கொடுக்க அலுவலக வாசலில் நின்றிருந்தேன், எல்லாம் கேட்டது.

"லாரியிலேர்ந்து இறக்கும்போதே நான் எண்ணினேன்மா. முந்நூத்து நாப்பத்து மூணு. அவ்வளவுதான் வந்துச்சு."

"எழுதிக் குடு."

"எனக்கு அவ்வளவா எழுத வராதும்மா. கேட்டுக்குப் பக்கத்துச் சுவத்துல கரியால கோடு போட்டு வெச்சிருக்கேன். ஒரு நாற்காலிக்கு ஒரு கோடு. வந்து பாருங்க."

நீங்கள் எழுந்து போய்ப் பார்த்தீர்கள், அதை நான் மறுக்கவில்லை. சுவர் பளிச்சென்று இருந்தது. நிர்வாகக் குழு வருகிறது என்று முந்தின நாள்தான் அப்பா வெள்ளையடித்திருந்தார். இடுப்பு கொஞ்சம் தேறி அவர் செய்த முதல் வேலை. "யாரோ சுவரைக் கிறுக்கி வெச்சிருந்தாங்க, ரெண்டு பூச்சு பூசினாத்தான் மறைஞ்சுது" என்று சாப்பிடும்போது சொன்னார். அத்தை, இந்தக் குடும்பத்தில் மகள் இல்லாத நாற்காலிகளை உண்டாக்கினாள், அக்கா அவற்றுக்குக் கையெழுத்துப் போட்டார், தம்பி இருந்த ஒரே சாட்சியையும் சுண்ணாம்பால் மூடினார். இவ்வளவையும் நாம் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமலே செய்திருக்கிறோம்.

இன்று சாயங்காலம் நான் பள்ளியிலேயே தங்கிவிட்டேன். தோழி வீட்டில் படித்தேன் என்று சொன்னது பொய். சாவி அண்ணன் மண்டபத்தில் தனியாக நின்று நாற்காலிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பாப்பா, நீ படிக்கற பொண்ணு. நீ ஒரு தடவை எண்ணிச் சொல்லேன். எனக்கு எங்கேயோ தவறுது" என்றார். நான் எண்ணினேன், சத்தமாக, ஒவ்வொன்றின் மேலும் கை வைத்து. அவர் பின்னாலேயே வந்தார். நட்சத்திரம் போட்ட நாற்காலியில் வந்து முந்நூற்று நாற்பத்து மூன்று என்று முடித்தேன். அவர் முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம் வந்தது. பிறகு அந்த 1000-த்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இல்ல பாப்பா, லாரியிலேர்ந்து இறக்கும்போது நான்தான் எங்கேயோ எண்ணாம விட்டிருக்கேன். ஆபீஸ்ல ஆயிரம்னு கையெழுத்தே போட்டிருக்காங்க. படிச்சவங்க தப்பாப் போடுவாங்களா? பதினெட்டு வருஷமா ராத்திரி சாவி எண்ணித்தான் பூட்டறேன். முப்பத்தொரு சாவி. இப்போ அதையே மூணு தடவை எண்ணறேன், நம்பிக்கை வர மாட்டேங்குது."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அப்பாவுக்குப் பள்ளியில் இனி ஒரு பலகைகூட எழுதக் கொடுக்க மாட்டார்கள், நீங்கள் போட்ட 'சரிபார்த்தேன்' எல்லோர் வாயிலும் விழும், என்னைக் காலைக் கூட்டத்தில் மேடையில் நிறுத்துவார்கள். "இருட்டிடுச்சு, போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடி வந்தேன். வழியெல்லாம் அவர் சாவிகளை எண்ணுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பள்ளி மூன்று தெரு தள்ளி இருந்தாலும்.

ஆகவே கண்காணிப்பாளர் அவர்கள் தயவுசெய்து செய்ய வேண்டியது: அந்த உத்தரவை நாளை கொடுக்காமல் இழுப்பறையிலேயே வைத்துப் பூட்டிவிடுங்கள். பதிவேட்டில் 1000 என்பதைச் சிவப்பு மையால் அடித்து 343 என்று எழுதிப் பக்கத்தில் சின்னக் கையெழுத்து போட்டுவிடுங்கள், கூட்டல் பிழை என்று சொல்லிக்கொள்ளலாம். பஸ் பெயிண்டரைத் தேடிப் பிடித்துத் தகடுகளை வாங்கிவந்து, விடுமுறை நாளில் நான் மறுபடி எல்லா நாற்காலிக்கும் நம்பர் போட்டுவிடுகிறேன், பத்துப் பத்தாகவே. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். யாருக்குமே தெரிய வேண்டாம். நம் மூன்று பேர் மானமும் சாவி அண்ணன் வேலையும் ஒரே நேரத்தில் தப்பிக்க எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் வழி.

தங்கள் ஆசியையும், கையோடு மன்னிப்பையும் வேண்டுகிறேன். தங்கள் மேசைக்கும், ரப்பர் முத்திரைக்கும், மைப் பெட்டிக்கும், எல்லாக் கோப்புகளுக்கும் என் பணிவான வணக்கம். தாங்கள் நல்ல தூக்கமும் நீண்ட ஆயுளும் குறையாத கண்பார்வையும் பெற்று வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இதுவரை கீழ்ப்படிந்து வந்த,
தங்கள் தம்பி மகள்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்கு முன் ஒரு முறை படித்தேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த பழக்கம். படித்தபிறகு மேலே கேட்ட எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். உத்தரவை நீங்கள் பூட்டி வைத்தால் சாவி அண்ணனுக்கு வேலை இருக்கும். ஆனால் அவர் எண்ணியது சரி என்று அவருக்கு யார் சொல்வது? ஆயுள் முழுக்க முப்பத்தொரு சாவியை மூன்று மூன்று தடவை எண்ணிக்கொண்டிருப்பார். வாசலில் நுழைகிற ஒவ்வொருவரும் 'இந்த ஆள்தானே' என்று பார்த்துக்கொண்டே போவார்கள். மொத்தப் பள்ளியிலும் சரியாக எண்ணியவர் அவர் ஒருவர்தான் அத்தை, கரித்துண்டை வைத்துக்கொண்டு. ஆகவே இந்தக் கடிதத்தை எல்லோருக்கும் காட்டுங்கள். வரிசை எண் போடுங்கள், கோப்பில் வையுங்கள், அப்பாவுக்கும் கொடுங்கள். இல்லை, நீங்கள் காட்ட வேண்டாம், நாளைக் காலைக் கூட்டத்தில் நானே படித்துவிடுகிறேன். பத்து மணிக்கு முன்னால் முடித்துவிடுவேன். 666-ஐயும் 1000-ஐயும் மேடைக்குத் தூக்கி வரச் சொல்லி, பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுவேன். அந்த ஆயிரம் நாற்காலியில் சாவி அண்ணனை உட்கார வைக்க வேண்டும். கால் நடுங்கும், நடுங்கட்டும், படிக்கப்போவது வாய்தானே. உங்கள் பெயர் வரும் இடத்தில் மட்டும் மெதுவாகப் படி என்றால் மெதுவாகப் படிக்கிறேன், படிக்காமல் விட மாட்டேன்

கதவைத் தட்டுகிறார்கள். பேனா மூடியால் தட்டும் சத்தம். இந்த வீட்டில் பேனா மூடியால் கதவு தட்டுவது ஒருவர்தான். "துணியைப் போட்டு மூடினா வெளிச்சம் தெரியாதா? இந்நேரத்துல என்னடி எழுதற?" என்கிறீர்கள். நீங்கள் எழுதிக் கொடுக்கச் சொன்னதைத்தான் அத்தை. முதலில் உங்களுக்கே படித்துக் காட்டிவிடுகிறேன், நாளைக்கு ஒரு ஒத்திகையாகவும் இருக்கும். எழுந்துவிட்டேன், தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன், கதவைத் தி